இராணி இல்லாத தேன்கூடு: அறிந்துகொள்வதும் சீர்செய்வதும்

ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துவிட்டு மீண்டும் தளிர்விடும் பருவத்தில் தோட்டமெங்கும் தேனீக்களின் ரீங்காரம் கேட்பதைப் பால்வெட்டுத் தொழிலாளர் அனைவரும் அறிவர். ஈக்கள் பூவை விட்டுத் தளிரையே சுற்றிச் சுற்றி வருவது ஏன் என்று வியந்தவர்களும் இருக்கக்கூடும். ரப்பர் மரத்தின் தேன் பெரும்பாலும் பூவிலிருந்து வருவதன்று. மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்தில் நுண்ணிய சுரப்பிகள் இருக்கின்றன. இலை இளந்தளிராக இருக்கும் சில வாரங்களில் அச்சுரப்பிகளிலிருந்து இனிய நீர் கசிகிறது. அதனை உறிஞ்சிச் சென்றே தேனீக்கள் தேனாக்குகின்றன. இலை முற்றியதும் அந்தச் சுரப்பு நின்றுவிடும்.

இந்தச் செல்வத்தைப் பயன்படுத்திக் கொள்வோர் பலர். தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் ரப்பர்த் தோட்டங்களே தேனீ வளர்ப்புக்குப் பெருந்துணையாக விளங்குகின்றன. நம் நாட்டில் 1980-களில் செர்டாங்கிலுள்ள விவசாயப் பல்கலைக்கழகம் நாட்டுத் தேனீயைப் பெட்டியில் வளர்ப்பது குறித்து ஆராய்ச்சிகளை மேற்கொண்டது. தோட்டக் குடியிருப்புகளின் பின்புறத்திலும், தென்னை மரத்தடியிலும் இரண்டொரு பெட்டிகளை வைத்துக்கொண்டு, காலையில் மரம் வெட்டி முடித்துப் பிற்பகலில் தேனீக்களைக் கவனிக்கும் அன்பர்கள் இன்றும் இருக்கின்றனர்.

அவர்களுள் ஒருவரது அனுபவமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. அந்த அனுபவத்தில் எனக்கும் ஒரு பங்குண்டு. அது பெருமைப்படத்தக்க பங்கன்று.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்திற்குப் பணியின் நிமித்தம் சென்றிருந்தேன். அங்கே பால்வெட்டும் நண்பர் ஒருவர் இரண்டு தேன்பெட்டிகள் வைத்திருந்தார். தளிர்ப் பருவம் தொடங்கிச் சில நாட்களே ஆகியிருந்தன. ஒரு பெட்டியில் ஈக்கள் மும்முரமாகப் பணியாற்றின. மற்றொன்று சோர்ந்து கிடந்தது. "ஐயா, இதிலே முட்டையே காணோம். இராணி செத்துப்போச்சு போலிருக்கு. நல்ல பெட்டியோடு சேர்த்துவிடலாமா?" என்று என்னைக் கேட்டார். தேனீயைப் பற்றி நான் அப்போது ஓரளவே படித்திருந்தேன். ஆயினும் ஆசிரியப் பயிற்சி பெற்றவனுக்கு, கேட்ட கேள்விக்கு விடை சொல்லாமல் இருப்பது கடினம். "சேர்த்துவிடுங்கள்" என்றேன்.

அன்று மாலையே சேர்த்துவிட்டார். மறுநாள் காலை பெட்டி வாயிலில் நூற்றுக்கணக்கான ஈக்கள் மடிந்து கிடந்தன. அவற்றினிடையே மெலிந்த உடலும் நீண்ட வயிறும் கொண்ட இளம் இராணி ஒன்றும் கிடந்தது. அந்தப் பெட்டி இராணி இல்லாத பெட்டியன்று. முட்டையிடத் தொடங்காத கன்னி இராணி உள்ள பெட்டி. மூன்றாம் நாள், கலகத்தால் கலங்கிய நல்ல பெட்டியின் ஈக்களும் கூட்டை விட்டுப் பறந்து போய்விட்டன. மகளின் பள்ளிச் செலவுக்கென்று அவர் எதிர்பார்த்திருந்த அவ்வாண்டின் தேன் முழுவதும் போயிற்று. அவர் என்னைக் குறை கூறவில்லை. ஆனால், "பார்த்துச் சொல்வதற்கு ஒரு வழி இருந்திருக்குமே, ஐயா" என்றார். வழி இருக்கத்தான் செய்தது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தேனீக் குடும்பம்

நாம் இங்கே கூறுவது நம் நாட்டுத் தேனீயைப் பற்றியது. மரப்பொந்திலும் பாறையிடுக்கிலும் பல அடைகளை வரிசையாகக் கட்டி வாழும் இவ்வினத்தை மலாய்க்காரர்கள் 'லெபா லாலாட்' என்பர். உயர்ந்த மரங்களில் ஒற்றைப் பேரடை கட்டும் மலைத்தேனீ வேறு; கொடுக்கில்லாத 'கெலுலுட்' ஈயும் வேறு.

ஒரு குடும்பத்தில் ஓர் இராணியும், பல்லாயிரம் பணித் தேனீக்களும், பருவத்தில் சில நூறு ஆண் ஈக்களும் இருக்கும். முட்டையிடுவது இராணி மட்டுமே. நாளொன்றுக்குச் சில நூறு முட்டைகள் இடும். கருவுற்ற முட்டையிலிருந்து பெண் ஈயும், கருவுறாத முட்டையிலிருந்து ஆண் ஈயும் பிறக்கின்றன. இவ்வுண்மையை 1845-ஆம் ஆண்டில் ஜொஹான் ஜெர்சோன் என்ற பாதிரியார் எடுத்துரைத்தார். பின்னர் இராணி இல்லாக் கூட்டைப் பற்றிப் பேசும்போது இது நமக்குத் தேவைப்படும்.

இராணியாவதற்கென்று தனி முட்டை கிடையாது. பணித் தேனீக்குரிய அதே முட்டையிலிருந்து வெளிவரும் புழுவைப் பெரிய அறையில் வைத்து, தொடர்ந்து சிறப்பான அரசக்கூழ் ஊட்டி வளர்த்தால் அது இராணியாகிறது. மூன்று நாளுக்கும் குறைந்த வயதுள்ள புழுவே இதற்கு ஏற்றது. ஆகவே, இராணியை இழந்த கூட்டில் இளம்புழு இருக்குமானால், ஈக்கள் தாமே வேறோர் இராணியை உருவாக்கிக் கொள்ளும். இளம்புழு இல்லையேல் அவற்றால் எதுவும் செய்ய இயலாது. பணித் தேனீயின் ஆயுள் ஏறத்தாழ ஆறு வாரமே. புதிய பிறப்பு இல்லாத கூடு நாளுக்கு நாள் தேய்ந்து அழியும்.

இராணி மறைவது எதனால்?

முதுமையால் சாவது ஒன்று. பெட்டியைத் திறந்து சட்டங்களை எடுத்து வைக்கையில் நம் கவனக்குறைவால் நசுங்கி மடிவது மற்றொன்று. தொடக்கநிலையில் இருப்போரிடம் இதுவே மிகுதி. கன்னி இராணி இணைசேர்வதற்காகப் பறந்து செல்லும்போது பஞ்சுருட்டான், கரிச்சான் போன்ற பறவைகளுக்கு இரையாவதும், திரும்பி வருகையில் அடையாளம் தவறி அடுத்த பெட்டிக்குள் நுழைந்து கொல்லப்படுவதும் உண்டு. பெட்டிகளை நெருக்கமாக ஒரே வரிசையில் வைக்காமல், வாயில்கள் வெவ்வேறு திசை நோக்குமாறு இடைவெளிவிட்டு வைத்தால் இத்தவறு குறையும்.

வெளியிலிருந்து தோன்றும் அறிகுறிகள்

இராணியின் உடலிலிருந்து சுரக்கும் ஒருவகை மணப்பொருள், ஈக்கள் ஒன்றையொன்று தொடுவதாலும் ஊட்டுவதாலும் கூடெங்கும் பரவுகிறது. தாய் இருக்கிறாள் என்ற செய்தியை அதுவே அறிவிக்கிறது. அது குறைந்தவுடன், சில மணி நேரத்திற்குள்ளேயே, ஈக்கள் அமைதியிழக்கின்றன. வாயிலில் அங்குமிங்கும் தேடி அலையும். மூடியைத் திறந்தால் சீரான ரீங்காரத்துக்குப் பதிலாக, ஏறி இறங்கும் முனகல் போன்ற ஓசை எழும். நாட்கள் செல்லச் செல்ல, காலில் மகரந்த உருண்டையோடு வரும் ஈக்கள் குறையும். மகரந்தம் குஞ்சுகளின் உணவு. குஞ்சு இல்லாத வீட்டிற்கு அது அவ்வளவாகத் தேவைப்படாது.

ஆனால் இவை ஐயத்தை எழுப்பும் அறிகுறிகளே தவிர, உறுதியான சான்றுகள் அல்ல. ரப்பர்த் தளிர் தேன் தருமே அன்றி மகரந்தம் தருவதில்லை. தென்னம்பாளை, சோளம், தொட்டாற்சிணுங்கி போன்றவை அருகில் இல்லாவிட்டால் நல்ல இராணி உள்ள கூட்டிலும் மகரந்த வரவு குறைவாகவே இருக்கும். எனவே பெட்டியைத் திறந்தே பார்க்க வேண்டும்.

முட்டையைத் தேடுக, இராணியைத் தேடற்க

பலரும் பெட்டியைத் திறந்தவுடன் இராணியைத் தேடுகின்றனர். ஆயிரக்கணக்கான ஈக்களிடையே ஓடி ஒளியும் ஒன்றைக் கண்டுபிடிப்பது எளிதன்று. தேடத் தேடக் கூடு கலங்கும். நம் நாட்டுத் தேனீ கலங்கினால் கூட்டை விட்டே ஓடிவிடக்கூடும். முட்டையைத் தேடுவதே அறிவுடைமை.

வெயில் இதமாக உள்ள நேரத்தில், வெளிச்சம் உங்கள் தோளுக்குப் பின்னிருந்து அறைகளுக்குள் விழுமாறு சட்டத்தைப் பிடியுங்கள். நடு அடைகளின் நடுப்பகுதியைப் பாருங்கள். அறையின் அடியில் வெண்ணிறமான சிறு நூல் துண்டு போல ஒன்று ஒட்டியிருக்கும். அதுவே முட்டை. முதல் நாள் நிமிர்ந்தும், இரண்டாம் நாள் சாய்ந்தும், மூன்றாம் நாள் படுத்தும் இருக்கும். அதன்பின் பொரித்துப் புழுவாகும்.

பணித் தேனீ முட்டையாக 3 நாளும், திறந்த அறையில் புழுவாக ஏறத்தாழ 5 நாளும், மெழுகு மூடிய அறைக்குள் ஏறத்தாழ 11 நாளும் இருந்து வெளிவருகிறது. இக்கணக்கை நினைவில் வைத்தால் அடையே நமக்கு நாட்காட்டியாகிவிடும்.

அறைக்கு ஒரு முட்டையாக, அடியின் நடுவில் இருந்தால், கடந்த 3 நாளுக்குள் இராணி அங்கே இருந்திருக்கிறது. கவலையில்லை, உடனே மூடிவிடலாம்.

முட்டையில்லை, ஆனால் மிகச்சிறிய புழு உண்டு என்றால், முட்டையிடல் நின்று மூன்று நான்கு நாள் ஆகியிருக்கலாம். கூட்டிற்குத் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் இன்னும் உண்டு.

மூடிய அறைகள் மட்டுமே உள்ளன என்றால், எட்டு நாளுக்கு மேல் ஆகிவிட்டது. இராணி அறைகள் கட்டப்பட்டுள்ளனவா என்று பார்க்க வேண்டும்.

குஞ்சே இல்லை, அறைகள் அனைத்தும் வெறுமை என்றால், ஏறத்தாழ மூன்று வாரம் கடந்துவிட்டது. இனித் தாமதம் கூடாது.

இராணி அறை மற்ற அறைகளைப் போல் படுக்கையாக இராமல், நிலக்கடலை போலக் கீழ்நோக்கித் தொங்கும். அடையின் கீழ் விளிம்பில் பல அறைகள் வரிசையாகத் தொங்கினால், அது பெரும்பாலும் கூட்டம் பிரிந்து செல்வதற்கான ஆயத்தம். அடையின் நடுப்பரப்பில் புழு இருந்த அறைகளையே இழுத்து நீட்டி அவசரமாகக் கட்டியிருந்தால், இராணி திடீரென மறைந்ததன் அடையாளம். அறையின் நுனியில் மெழுகு நீங்கிப் பழுப்பு நிறப் பட்டுக்கூடு தெரிந்தால், புதிய இராணி வெளிவரும் நாள் நெருங்கிவிட்டது என்று பொருள். நுனி வட்டமாகத் திறந்திருந்தால், இராணி ஏற்கெனவே வெளிவந்துவிட்டது.

ஏமாற்றும் தோற்றங்கள்

முட்டை இல்லாத கூடெல்லாம் இராணி இல்லாத கூடன்று. நானும் என் நண்பரும் ஏமாந்தது இந்த இடத்திலேதான்.

கூட்டம் பிரிந்து சென்ற பிறகு, பிறந்த கன்னி இராணி சுமார் ஒரு வாரம் வளர்ந்து, வெளியே பறந்து ஆண் ஈக்களோடு இணைசேர்ந்து, மேலும் சில நாள் கழித்தே முட்டையிடத் தொடங்குகிறது. தொடர்மழை பெய்தால் இன்னும் தாமதமாகும். இந்த இரண்டு மூன்று வார இடைவெளியில் முட்டை ஒன்றும் இராது. கன்னி இராணி உருவில் சிறியது, விரைந்து ஓடுவது, கண்ணில் படுவது அரிது.

உணவுப் பஞ்சம் இன்னொரு காரணம். தளிர்கள் முற்றித் தேன்வரவு நின்ற மாதங்களில், சேமிப்புத் தேன் தீர்ந்துபோனால், இராணி முட்டையிடுவதை மிகவும் குறைத்துவிடும். அதே போல, எறும்பு, மெழுகுப் பூச்சி, வெயில், ஓயாத தொந்தரவு ஆகியவற்றால் வெறுத்துப்போய்க் கூட்டை விட்டு வெளியேறத் தயாராகும் குடும்பத்திலும் முட்டை இராது. இத்தகைய கூட்டிற்குத் தேவை புதிய இராணியன்று. உணவும் நிழலும் அமைதியும்தான்.

சோதனை அடை: உறுதியான வழி

அப்படியானால் உண்மையை எவ்வாறு அறிவது? வழி மிக எளியது. கூட்டையே கேட்க வேண்டும்.

நல்ல பெட்டியிலிருந்து முட்டையும் மிக இளம்புழுவும் உள்ள சட்டம் ஒன்றை எடுங்கள். அதன்மேல் அந்தப் பெட்டியின் இராணி இல்லை என்பதை இருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். ஈக்களைக் கோழி இறகால் மெல்ல நீக்குங்கள். வெயிலில் காயவிடாமல் ஈரத்துணியால் போர்த்தி உடனே கொண்டு சென்று, ஐயத்துக்குரிய பெட்டியின் நடுவில் வையுங்கள். சட்டத்தின் மேல் பென்சிலால் ஓர் அடையாளமிட்டு, மூடியின் உட்புறத்தில் தேதியை எழுதுங்கள்.

மூன்றாம் நாள் திறந்து பாருங்கள். அந்த அடையில் இராணி அறைகள் தொடங்கப்பட்டிருந்தால், இராணி இல்லை என்று ஈக்களே சொல்லிவிட்டன. ஒன்றும் தொடங்கப்படாமல், புழுக்கள் சாதாரணமாக வளர்க்கப்பட்டிருந்தால், கன்னி இராணி உள்ளே இருப்பதாகவே கொள்ளலாம். பெட்டியை மூடிவிட்டுப் பத்து நாள் கழித்து முட்டையைத் தேடுங்கள். அப்போதும் முட்டை இல்லாவிட்டால் இன்னொரு சோதனை அடை கொடுங்கள்.

இச்சோதனையால் எவ்விதத்திலும் இழப்பில்லை. இராணி இல்லாவிட்டால் இராணி உருவாக வழி கிடைக்கிறது. இருந்தால், இளம் ஈக்கள் பிறந்து கூட்டிற்கு வலுச் சேர்க்கின்றன. கொடுத்த நல்ல பெட்டியோ சில நாட்களில் அக்குறையை நிரப்பிக்கொள்ளும். அன்று நாங்கள் இதைச் செய்திருந்தால், இரண்டு குடும்பங்களும் பிழைத்திருக்கும்.

சீர்செய்யும் முறைகள்

இராணி இல்லை என்பது உறுதியானபின், கூட்டின் வலிமையையும் பருவத்தையும் கருதி நான்கு வழிகளுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம்.

முதலாவது, ஈக்களே இராணியை வளர்க்க விடுதல். ஈக்கள் நான்கைந்து அடைகளையேனும் நன்கு மூடியிருந்து, சுற்றுப்புறத்தில் ஆண் ஈக்களும் இருக்கும் பருவமாயின் இதுவே செலவில்லாத வழி. சோதனை அடையில் எழும்பிய இராணி அறைகளுள் நன்கு நீண்டு பருத்த இரண்டை விட்டுவிட்டு மற்றவற்றை நீக்கலாம். முட்டையிலிருந்து இராணி வெளிவர 15, 16 நாளாகும். இளம்புழுவிலிருந்து தொடங்கியதானால் சோதனை அடை வைத்த 11, 12-ஆம் நாளில் வெளிவரும். அதன்பின் அது பறந்து இணைசேர்ந்து முட்டையிடும் வரை பெட்டியைத் தொடவே கூடாது. ஏறத்தாழ ஒரு மாதம் முடியும்போது முட்டையைக் காணலாம். இந்தக் காத்திருப்புக் காலத்தில் கூடு மெலியாதிருக்க, இராணி வெளிவருவதற்கு முன்பே, விரைவில் ஈ பிறக்கவிருக்கும் மூடிய அடை ஒன்றைக் கொடுத்து வைத்தால் நல்லது.

இரண்டாவது, முதிர்ந்த இராணி அறையைக் கொடுத்தல். பிரிவதற்கு ஆயத்தமாகும் வலுவான கூட்டில் பல இராணி அறைகள் தொங்கும். மூடிய அறை ஒன்றை, சுற்றிலும் விரலளவு அடையோடு கூரிய கத்தியால் வெட்டி எடுத்து, நுனி கீழ்நோக்கியபடியே, புழுப்பகுதியில் செருகிவிடலாம். அதனைத் தலைகீழாகத் திருப்பவோ, உதறவோ, அழுத்தவோ கூடாது. உள்ளே உருவாகும் இராணி ஊனமுறும். இதனால் பத்து நாள் வரை மிச்சமாகும்.

மூன்றாவது, முட்டையிடும் இராணியைக் கொடுத்தல். உதிரியாக ஓர் இராணி கிடைத்தால், அதனைச் சிறு கம்பிவலைக் கூண்டில் இட்டு இரண்டு அடைகளுக்கிடையே வைக்க வேண்டும். அதற்கு முன் அந்தக் கூட்டிலுள்ள இராணி அறைகள் அனைத்தையும் அழித்துவிட வேண்டும். இரண்டு மூன்று நாள் கழித்துப் பாருங்கள். ஈக்கள் கூண்டைக் கடித்துக்கொண்டு மொய்த்தால் இன்னும் ஏற்கவில்லை, பொறுத்திருங்கள். அமைதியாக நின்று வலை வழியே உணவு ஊட்டினால் ஏற்றுக்கொண்டன, விடுவிக்கலாம்.

நான்காவது, வேறு கூட்டோடு சேர்த்தல். ஈக்கள் இரண்டு மூன்று அடைகளையே மூடும் அளவுக்குக் கூடு மெலிந்திருந்தால், அதற்குத் தனி வாழ்வு தேடுவதைவிட இராணியுள்ள கூட்டோடு இணைப்பதே நன்று. முதலில் அப்பெட்டியை நாளொன்றுக்கு மூன்றடிக்கு மிகாமல் நகர்த்தி மற்றதன் அருகில் கொண்டு வாருங்கள். ஒரேயடியாகத் தூக்கி வைத்தால் வெளியே சென்ற ஈக்கள் பழைய இடத்திற்கே திரும்பித் தவிக்கும். மாலையில் இராணியுள்ள பெட்டியின் மேல் நாளிதழ்த்தாள் ஒன்றை விரித்து, ஊசியால் சில துளைகளிட்டு, இராணியில்லாப் பெட்டியை அதன்மேல் வையுங்கள். ஈக்கள் தாளைக் கடித்துத் துளைப்பதற்கு இரண்டொரு நாள் ஆகும். அதற்குள் இரு கூட்டத்தின் மணமும் கலந்துவிடும்; சண்டை எழாது. நாங்கள் அன்று தாளும் விரிக்கவில்லை, பொறுமையும் காட்டவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். தாள் விரித்திருந்தாலும், உள்ளே கன்னி இராணி இருப்பதை அறியாமல் சேர்த்தது தவறே.

போலித் தாய்மை

இராணியும் இல்லாமல், வளர்ப்பதற்கு இளம்புழுவும் இல்லாமல் நாட்கள் சென்றால், பணித் தேனீக்களுள் சில முட்டையிடத் தொடங்கிவிடும். நம் நாட்டுத் தேனீயிடம் இது மேலைநாட்டுத் தேனீயைவிட விரைவாக நிகழ்கிறது. ஓரிரு வாரத்திலேயே இந்நிலையைக் காணக்கூடும். ஆண் ஈயோடு சேராத அவற்றின் முட்டைகள் கருவுறாதவை. முன்னர்க் கூறியபடி அவற்றிலிருந்து ஆண் ஈக்களே பிறக்கும். உழைக்கும் பெண் ஈ ஒன்றுகூடப் பிறவாது.

முட்டையைக் கண்டவுடன் மகிழ்ந்துவிடாமல் அதன் நிலையைக் கவனிப்பது இதனால்தான். ஓர் அறையில் இரண்டு, மூன்று, அதற்கு மேலும் முட்டைகள் இருக்கும். வயிறு குட்டையாதலால் அடியைத் தொட இயலாமல் அறையின் சுவரில் ஒட்டப்பட்டிருக்கும். குஞ்சுகள் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடக்கும். பணித் தேனீயின் சிற்றறைகள் மேல்நோக்கிப் புடைத்த மூடிகளால் மூடப்பட்டிருக்கும். நம் நாட்டுத் தேனீயின் ஆண் அறை மூடியின் நடுவில் ஊசித்துளை போன்ற சிறு துவாரம் ஒன்று தெரியும். அத்தகைய துளை மூடிகள் சிற்றறைகளின் மேல் பரவலாகக் காணப்பட்டால், நோய் முற்றிவிட்டது என்றே பொருள்.

புதிதாக முட்டையிடத் தொடங்கிய இராணியும் முதல் சில நாள் ஓரறையில் இரண்டு முட்டை இடுவதுண்டு. ஆனால் அவை அறையின் அடியில் இருக்கும். ஒரு வாரத்தில் சீராகிவிடும். ஆகவே ஒரு வாரம் பார்த்து முடிவு செய்யலாம்.

போலித் தாய்மை முற்றிய கூடு, கொடுக்கும் இராணியைப் பெரும்பாலும் கொன்றுவிடும். கூடு இன்னும் வலுவாக இருந்தால், முட்டையும் திறந்த புழுவும் உள்ள அடையை வாரத்திற்கு ஒன்றாக இரண்டு மூன்று முறை கொடுத்து வாருங்கள். குஞ்சுகளின் மணம் பணித் தேனீக்கள் முட்டையிடுவதைப் படிப்படியாக அடக்கும். என்றைக்கு அவை இராணி அறை கட்டத் தொடங்குகின்றனவோ, அன்று கூடு நல்வழிக்குத் திரும்பியது என்று கொள்ளலாம். கூடு மெலிந்துவிட்டதானால், நல்ல அடைகளை மேலும் மேலும் கொட்டி நல்ல பெட்டியையும் நலிவடையச் செய்ய வேண்டா. ஈக்களை வலுவான கூடு ஒன்றின் வாயிலருகே உதறிவிட்டு, பழைய பெட்டியை அவ்விடத்திலிருந்து அகற்றிவிடுங்கள். உழைக்கக்கூடியவை கெஞ்சி உள்ளே சென்று சேர்ந்துகொள்ளும்.

சீர்செய்யும் காலத்தில் கவனிக்க வேண்டியவை

இராணி இல்லாத கூடு காவல் குன்றிய வீடு. மற்றக் கூட்டு ஈக்கள் தேனைக் கொள்ளையிட வரும். வாயிலை இரண்டொரு ஈக்கள் நுழையும் அளவுக்குச் சுருக்கிவிடுங்கள். சீனியையும் வெந்நீரையும் சம அளவில் கரைத்து ஆறவைத்த பாகை, மாலை மங்கிய பிறகு பெட்டிக்குள் வையுங்கள், வெளியே சிந்தாதீர்கள். ஈக்கள் மூடாத வெற்று அடைகளை எடுத்துவிடுங்கள். இல்லையேல் மெழுகுப் பூச்சியின் புழுக்கள் அவற்றைத் துளைத்து வலை பின்னிவிடும். பெட்டியின் கால்களை நீர் நிரம்பிய டின்களில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. தோட்டத்தில் மருந்து தெளிக்கும் நாளை முன்கூட்டியே கேட்டறிந்து, அன்று வாயிலை வலையால் மூடி, பெட்டியை நிழலில் காற்றோட்டமாக வைப்பது நலம்.

இரண்டு பெட்டி, ஒரு பென்சில்

இதுவரை கூறியவற்றை ஊன்றிப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். எல்லாச் சிகிச்சைக்கும் மருந்து இன்னொரு கூட்டிலிருந்தே வருகிறது. ஒற்றைப் பெட்டி வைத்திருப்பவருக்கு இராணி மறைந்தால் செய்யத்தக்கது மிகக் குறைவு. இரண்டு பெட்டி உடையவர் ஒன்றைக் கொண்டு மற்றதைக் காக்கலாம். இரண்டு வைக்க வசதியில்லாதோர், அடுத்த வீட்டாரோடு ஒரே அளவுள்ள பெட்டியும் சட்டமும் வைத்துக்கொண்டால், தேவைப்படும்போது ஓர் அடையைக் கைமாற்றாகப் பெறலாம். அவருக்கு முடை வரும்போது திருப்பிக் கொடுக்கலாம். கடனாகக் கொடுத்த ஓரடை, ஒரு குடும்பத்தையே காப்பாற்றும்.

என் நண்பரைச் சென்ற ஆண்டு மீண்டும் சந்தித்தேன். பட்டுப்போன தென்னையின் பொந்திலிருந்து ஒரு கூட்டத்தைப் பிடித்து வந்து பெட்டியில் குடியேற்றியிருந்தார். அடுத்த வீட்டுக்காரரும் ஒரு பெட்டி வைத்திருந்தார். தளிர்ப் பருவம் தொடங்கும் வேளையில் நண்பரின் பெட்டியில் மறுபடியும் முட்டை காணவில்லையாம். இம்முறை அவர் எவரிடமும் யோசனை கேட்கவில்லை. அடுத்த வீட்டிலிருந்து ஓர் அடை வாங்கி வைத்தார். மூன்றாம் நாள் இராணி அறை எதுவும் எழும்பவில்லை. மூடிவிட்டுக் காத்திருந்தார்.

பெட்டியின் மூடியைத் திருப்பிக் காட்டினார். உட்புறத்தில் பென்சிலால் மூன்று வரிகள் எழுதியிருந்தன: அடை வைத்த தேதி, மூன்றாம் நாள், 'அறை இல்லை', அதற்குப் பதினோராம் நாள், 'முட்டை கண்டது'.